சப்பரம் வருமுன் வெள்ளையடித்த கிட்டங்கி

எய்யா,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்தேன், மடித்து வைத்தேன். கஞ்சி குடிக்க உட்கார்ந்தவள் எழுந்து போய் மறுபடியும் எடுத்துப் படித்தேன். தீப்பிடித்ததற்கு இன்சூரன்ஸ் கம்பெனி முழுப் பணமும் கொடுத்தால் கடல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து நம் சரக்குக் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்கிறேன், இல்லையென்றால் அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், இந்த மாசத்துக்குள் பம்பாய் ஆபீஸில் சொல்லியாக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்துப் போட்டால் இரண்டு வருஷம் உன் முகத்தைப் பார்க்க முடியாது. வேம்பாரில் உனக்காகப் பேசி வைத்திருக்கிற பெண்ணும் அத்தனை நாள் காத்திருக்க வேண்டும். ஒரு வரியில் பதில் எழுதித் தந்தி அடித்துவிடலாம்தான். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வாசித்தால் நீ கோபத்தில் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிடுவாய். உன் அப்பாவின் மூக்கு மட்டுமா உனக்கு வந்திருக்கிறது, அந்த மூக்கின் நுனியில் இருந்த கோபமும் சேர்ந்தே வந்திருக்கிறது. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பொறுமையாகப் படி.

கிட்டங்கியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வீட்டில் இருந்தால் ஆள் மாற்றி ஆள் வந்து "என்னாச்சு, கம்பெனிக்காரன் என்ன சொன்னான்" என்று கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது. இங்கே தலைக்கு மேல் கூரை இல்லை. கச்சான் காற்று உள்ளே புகுந்து சுற்றுகிறது. காகிதம் பறக்காமல் இருக்கப் படிக்கல்லை வைத்திருக்கிறேன். நாலு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல் வரைக்கும் போகிறேன், தெருவை இரண்டு பக்கமும் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். என்னத்தைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உடன்குடிப் பக்கத்திலிருந்து தும்பு லாரி வருகிற நேரம் இது. லாரி சத்தம் எங்கே கேட்டாலும் கால் தானாக எழுந்துவிடுகிறது. நமக்கு லாரி வராது என்பது புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.

இந்த இன்சூரன்ஸ் சங்கதி நம் வீட்டுக்குள் வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முத்துக்குளிப்பு நின்றுபோய், சங்கும் கைகொடுக்காமல், உன் அப்பா கடலை விட்டுக் கரைக்கு வந்து பனந்தும்பு வியாபாரத்தில் இறங்கினார். பனை மட்டையிலிருந்து எடுத்த நாரை வாங்கி, சீப்பில் சீவி, தரம் பிரித்து, நீளம் பார்த்து வெட்டி, பேல் கட்டிக் கப்பலில் ஏற்றுவது. வெளிநாட்டில் அதில் பிரஷ் செய்கிறார்களாம். நல்ல வியாபாரம்தான், ஆனால் ஒரு பொறி பட்டால் போதும், காய்ந்த தும்பு எண்ணெய் குடித்ததைப் போலப் பிடித்துக்கொள்ளும். முதல் வருஷமே நம் பக்கத்து நாசரேத்திலிருந்து ஒரு ஏஜெண்ட் சைக்கிளில் வந்து இறங்கினான். உன் அப்பா யோசிக்கவே இல்லை, தீக்குப் பாலிசி எடுத்துவிட்டார். நான் சண்டை போட்டேன். தீ வரும் என்று முன்கூட்டியே பணம் கட்டுவதா, நம் வாயாலேயே அதைக் கூப்பிடுவதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஏளா, நான் இத்தன வருசம் கெடந்த கடலுக்கு எவனாவது பொறுப்பு எடுத்துக்கிட்டானா? இதுக்காவது ஒருத்தன் பொறுப்பு எடுத்துக்கிடுதேன்னு வாரான். வந்தவன வெரட்டச் சொல்லுதியா?" என்றார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு உனக்குச் சட்டை வாங்கவில்லை. நீ தரையில் புரண்டு அழுதாய். நானும் உன்னோடு சேர்ந்து அவரைத் திட்டினேன்.

அவர் போன பிறகு அந்தப் பாலிசியை நான் ஒரு வருஷமும் விடவில்லை. பயம்தான் காரணம், புத்தி அல்ல. ஏஜெண்ட் தம்பி வருஷா வருஷம் வருவான், சுவரைத் தட்டுவான், தும்புக்குச் சாயம் போடுகிற அடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பான். அவன் சொன்னதால்தான் சாயம் காய்ச்சுகிற அடுப்பைக் கிட்டங்கிக்குள்ளிருந்து பின் வளவுக்கு மாற்றினேன். பீடிக்குத் தடை போட்டேன். வயரிங் முழுவதையும் புதுசாக்கினேன். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொல்வான்: "எக்கா, ஆண்டவர் காக்கட்டும், அப்படி ஏதாச்சும் நடந்துட்டுன்னா, சேதத்த அளக்கக் கம்பெனி சர்வேயர் வந்து பாக்குத வரைக்கும் ஒரு துரும்பையும் நவுத்தக் கூடாது. சாம்பலும் சாம்பலாவே கெடக்கணும்." நானும் சரி தம்பி, சரி தம்பி என்பேன். காபி கொடுத்து அனுப்புவேன். எல்லாம் உள்ளிருந்து வருகிற தீயை நினைத்துத்தான். வானத்திலிருந்து வரும் என்று யார் நினைத்தார்கள்?

மாதா திருநாள் கொடியேற்றத்தன்று சாயங்காலம், கொடி மேலே போகும்போது விட்ட வாணங்களில் ஒன்று காற்றில் திரும்பி நம் கூரைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. யார் விட்டது என்று ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தவன் சொல்லப்போவதும் இல்லை. நான் கோயில் முற்றத்தில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். புகையைப் பார்த்ததும் யார் வீட்டிலோ என்று பரிதாபப்பட்டேன், எய்யா! அந்த அளவுக்கு எனக்கு அது நம்முடையது என்று தோன்றவில்லை. ஒரு பையன் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. தீயணைப்பு வண்டி திருநாள் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு மணியடித்துக்கொண்டே நின்றது. கூட்டமோ மணிச்சத்தத்தைக் கேட்டு இன்னும் வேடிக்கை பார்க்கத் திரண்டது. தெருவில் நின்று மாதாவே மாதாவே என்று கத்தினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சவேரியம்மாள் மட்டும் கத்தவில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே தும்பு பிரித்தாளே, அந்தச் சவேரிதான். இப்போது சீப்புப் பெண்களுக்கெல்லாம் தலைவி அவள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பின் வாசலைத் திறந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் ஏற்றுமதிக்குப் போக வேண்டிய பேல்கள் அங்கேதான் அடுக்கி இருந்தன. முன் பக்கம் எரிந்துகொண்டிருக்க, அவள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து வெளியே தள்ளினாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் ஓடினார்கள். பேலுக்கு இரும்புப் பட்டை போட்டிருக்கும் அல்லவா, அது சூடேறி இருந்தது. கடைசி பேலை அந்தப் பட்டையைப் பிடித்துத்தான் இழுத்திருக்கிறாள். வெளியே வந்தபோது வலது உள்ளங்கையில் தோல் இல்லை. "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன், கூரை விழுவதைப் பார்த்தேன், எதற்கு அழுவது என்று தெரியாமல் நின்றேன். வண்டி வந்து சேர்ந்தபோது பின் பக்கமும் பற்றியிருந்தது. வெளியே கிடந்த பேல்களை அதற்குள் பெண்கள் உருட்டிக்கொண்டு போய், நனையாமல், திருடு போகாமல் இருக்கட்டும் என்று அவரவர் வீட்டு வளவில் போட்டுவிட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் கண்ணால் கண்டது எரிகிறதை மட்டும்தான். சரக்கு முழுவதும் சேதம் என்று அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

ஏஜெண்ட் தம்பி மறுநாள் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான், பிறகு மதுரைக்குத் தந்தி அடித்தான். சர்வேயர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் தீயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முடித்துவிட்டு வருவார் என்று பதில் வந்தது. எதையும் தொடாதீர்கள் என்று மறுபடி ஒரு தரம் சொல்லிவிட்டு அவன் போனான். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அதற்குள் சப்பரம் நெருங்கிவிட்டது. உனக்குத் தெரியும், மாதா சப்பரம் நம் தெருவழியாகத்தான் திரும்பும். தெருவே கூடிப் பேசியிருக்கிறது: மாதா வருகிற வழியில் இப்படிக் கரி அப்பிய சுவரும் சாம்பல் மேடும் கிடக்கலாமா, அதுவும் காய்ச்சலில் கிடக்கிற ஒரு விதவையின் இடத்தில்? ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். ஆண்கள் வண்டி வைத்துச் சாம்பலை அள்ளி உப்பளத்து வரப்புக்குக் கொட்டினார்கள், பெண்கள் தரையைக் கழுவினார்கள், பையன்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வாசலில் வாழை கட்டினார்கள். யாரும் ஒரு காசு வாங்கவில்லை. சாயங்காலம் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். "பாருங்கக்கா, தீப்புடிச்ச எடம்னு எவனாவது சொல்லுவானா?" என்றார்கள். வெள்ளை வெளேர் என்று இருந்தது, எய்யா. எனக்கு அழுகை வந்தது. நன்றியில்தான் அழுதேன், ஏஜெண்ட் சொன்னது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகமே வரவில்லை. சப்பரம் நம் வாசலில் நின்று திரும்பியது.

திருநாள் முடிந்த மறுநாள் ஏஜெண்ட் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். உள்ளே எட்டிப் பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை. "எக்கா, என்ன செஞ்சு வச்சிருக்கீய! தீப்புடிச்ச எடத்துக்கு எவனாவது வெள்ளையடிப்பானா?" என்று கத்தினான். சுண்ணாம்பு அடித்த பையன்கள் நழுவிவிட்டார்கள். பிறகு அவனே கொஞ்சம் ஆறினான், வளவு வளவாகப் போய்ப் பேல்களைப் பார்த்தான், திரும்பி வந்து என் காதோடு சொன்னான். சாம்பல் இல்லை, அதனால் எரிந்தது எவ்வளவு என்று யாராலும் அளக்க முடியாது. தீயணைப்பு ரிப்போர்ட்டில் எல்லாம் போயிற்று என்று இருக்கிறது. கணக்குப் புத்தகம் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே எல்லாம் சாம்பல் என்று நான் சொன்னால் முழுசும் கிடைக்கும். கொஞ்சம் தப்பியது என்று வாயைத் திறந்தால், தப்பியது எவ்வளவு, எரிந்தது எவ்வளவு என்று நோண்ட ஆரம்பிப்பார்கள், காட்டுவதற்கு நம்மிடம் ஒரு பிடி சாம்பல்கூட இல்லை. "நீங்க பேசவே வேண்டாம்க்கா. சாம்பல்னு ஒரே ஒரு வார்த்த. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்." இதையேதான் அவன் உனக்கும் எழுதியிருக்கிறான் போலிருக்கிறது. நீயும் அதையே எனக்குத் திருப்பி எழுதுகிறாய்: எல்லாம் சாம்பல் என்று சொல்லிவிடுங்கள் அம்மா, கம்பெனி என்ன தன் வீட்டுப் பணத்தையா கொடுக்கிறது என்று. அப்படி எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? கூசியிருக்காது. எனக்கும் அன்றைக்குக் கூசவில்லை. கிட்டங்கியைப் பார்க்க வந்துவிடுகிறேன் என்று போன லீவில் சொல்லிவிட்டுப் போனாயே, நீ வந்துவிடுவாய் என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

தெருவும் தயாராகிவிட்டது. கேட்காமலே தயாராகிவிட்டது, அதுதான் நம் தெரு. பேல்களைக் கட்டிலுக்கு அடியிலும் ஆட்டுக் கொட்டிலிலும் தள்ளி மேலே பாயைப் போட்டு மூடினார்கள். யார் வந்து கேட்டாலும் எல்லாம் எரிந்தது, நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கொருவர் பாடம் கேட்டுக்கொண்டார்கள். பொய்ச் சத்தியம் பாவமல்லவா என்று நான் ஒப்புக்குக் கேட்டேன். "அதெல்லாம் சனிக்கிழம பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட நாங்க சொல்லிக்கிடுதோம், நீங்க சும்மா இருங்க" என்றாள் ஒருத்தி. "எத்தன பேரு ஒரே பாவத்தச் சொல்லப் போறோமோ, சாமியாருக்குக் காது புளிச்சிரும்" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சவேரியும் சிரித்தாள், துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு.

சர்வேயர் கத்தி மாதிரி ஆளாக இருப்பார் என்று நினைத்தேன். மெலிந்த மனிதர், நடுத்தர வயசு, வெயிலில் வந்து களைத்திருந்தார், முதலில் தண்ணீர் கேட்டார். உள்ளே வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார். "இங்கதானே தீ?" என்று கேட்டார். ஏஜெண்ட் தம்பி சப்பரக் கதையைச் சொன்னான். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கூரை மரத்தில் மிஞ்சிய கரியைச் சுரண்டிப் பார்த்தார், கணக்கை வாங்கிப் பார்த்தார், உப்பளத்து வரப்பு வரைக்கும் நடந்து போய்க் காலால் கிளறிப் பார்த்தார். காற்று அங்கே ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. திரும்பித் தெருவில் வரும்போது மூக்கை உறிஞ்சினார். கருகிய தும்பு வாடை வீட்டுக்கு வீடு அடித்துக்கொண்டிருந்தது. ஓர் ஆடு கொட்டிலுக்குள் படுக்க இடமில்லாமல் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, கிட்டங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"சரக்கு முழுக்கப் போயிடுச்சு, அப்படித்தானேம்மா?" என்று என்னைக் கேட்டார். ஏஜெண்ட் என்னையே பார்த்தான். நான் வாயைத் திறக்கும் முன்னால் சுற்றி நின்ற பெண்கள் ஒரே குரலில், "முழுக்கப் போயிட்டு சார், எல்லாம் சாம்பல்" என்றார்கள். அவர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தபோது எதிரில் சவேரி நின்றாள். "கையில என்னம்மா கட்டு?" என்று கேட்டார். சவேரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "கஞ்சி வடிக்கையில பானை சரிஞ்சிட்டு சார்" என்றாள். "ஆமா சார், நான்தான் மருந்து போட்டேன்" என்று பக்கத்தில் நின்றவள் ஒத்துப் பாடினாள். "இவளுக்கு எப்பவுமே அவசரம் சார், எத்தன தடவ சொல்லியிருக்கோம்" என்றாள் இன்னொருத்தி. சவேரி தலையை ஆட்டினாள், ஆமாம், எனக்கு எப்பவும் அவசரம்தான் என்று.

எனக்கு என்ன ஆயிற்று என்று எப்படி உனக்குச் சொல்வது? அதுவரைக்கும் பொய் எனக்கு இனித்தது, மறைக்காமல் சொல்கிறேன். கம்பெனியை நினைத்து நான் கலங்கவில்லை, சாமியாரை நினைத்தும் கலங்கவில்லை. ஆனால் தீக்குள் போய்வந்த அந்தக் கை, ஒரு நிமிஷத்தில் கஞ்சி வடிக்கத் தெரியாத கையாகிவிட்டது. அவள் செய்த காரியத்தை என் கண் முன்னாலேயே அவளே அழித்துவிட்டாள், எனக்காக. இனிமேல் ஆயுசுக்கும் அந்தக் கையைப் பார்த்து யார் கேட்டாலும் அவள் பானைக் கதையைத்தான் சொல்ல வேண்டும். அவள் பேரன் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். "பொய் சார்" என்று எழுந்துவிட்டேன். "அவ கை கஞ்சியில வேகல சார். என் பேல வெளிய இழுத்ததுல வெந்த கை அது. பின் வாசல் சரக்க முழுக்க இழுத்துப் போட்டது அவதான். எல்லாம் சாம்பல் இல்ல சார், இந்தத் தெருவுல இருக்கு, வாங்க, நானே காட்டுதேன்." ஏஜெண்ட் தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

நான் முன்னால் நடக்க, சர்வேயர் வீடு வீடாக வந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார், ஆட்டைத் தள்ளிவிட்டுக் கொட்டிலுக்குள் போனார். பெண்கள் என் முகத்தையே பார்க்காமல் பாயை எடுத்துவிட்டார்கள். ஒரு பேலாவது குறையும் என்று நினைத்தேன், ஒன்றும் குறையவில்லை. திரும்பி வந்து அவர் பேல் கணக்கைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கூரைக்கும் கட்டிடத்துக்கும் குறைவில்லாம எழுதுறேன்மா. சரக்குல வெளிய வந்ததைக் கழிச்சாகணும், புகை புடிச்சிருக்கு, அதுக்குக் கொஞ்சம் சேதம் போடலாம். கணக்குப்படி மிச்சம் எரிஞ்சதுதான், வேற எங்கயும் போகலைன்னு காட்ட உங்ககிட்ட சாம்பல்கூட இல்லை. நான் தாராளமா எழுதினாலும் மேல வெட்டுவாங்க. சரக்குக்குப் பாதி வந்தா பெருசு." போகும்போது வாசலில் நின்று சவேரியைக் கூப்பிட்டு, கட்டை அவிழ்க்கச் சொல்லி, கையைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போம்மா, சீழ் வைக்குது" என்றார். அதைக்கூட இத்தனை நாள் நாங்கள் யாரும் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

ஊரெல்லாம் என்னைப் புகழ்கிறது என்று நினைக்காதே. சாமியார் ஒருவர்தான் நல்லது செய்தாய் என்றார். தெருவுக்கு என் மேல் வருத்தம்: தங்களை அந்நியன் முன்னால் பொய்க்காரிகள் ஆக்கிவிட்டேன் என்று. அது நியாயம்தான், அந்தப் பொய்யை அவர்கள் எனக்குத்தானே கொடுத்தார்கள்! சவேரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த பிறகு அவள் படியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, நீங்க பெரிய மனுசி, உண்மையச் சொல்லிட்டீய. நான் எதுக்குத் தீக்குள்ள போனேன்னு கேட்டீயளா? உங்க பேலுக்காவயா போனேன்? கிட்டங்கி நின்னாத்தான் தம்பி கப்பல விட்டு வருவான்னு போனேன். கை போனா போகுதுன்னு போனேன். இப்ப கையும் போச்சு, அவனையும் நீங்களே கடலுக்கு அனுப்பிட்டீய. எனக்குப் பேரு வேணும்னு உங்ககிட்ட யாரு கேட்டா?" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. காலையில் வருகிறாள், இடது கையால் கருகிய தும்பையும் நல்ல தும்பையும் தனித்தனியாகப் பிரிக்கிறாள், சாயங்காலம் போகிறாள். இதோ, இப்போதும் அந்த மூலையில்தான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவளுக்கும் ஒரு செம்பு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன், எடுக்கவில்லை. நான் செய்தது சரியா தப்பா என்று கேட்டு எனக்கு எழுதாதே, இந்த ஊரில் அதைக் கேட்காத ஆள் இல்லை. எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் மறுபடி உட்கார வைத்தால் மறுபடியும் எழுந்து நின்றுவிடுவேன் என்பது மட்டும் தெரிகிறது. நாளைக்கு நீ நாலு பேரை வேலைக்கு வைக்கிற இடத்துக்கு வந்தால் ஒன்று நினைவில் வை. உனக்காகப் பொய் சொல்ல ஆள் எப்போதும் கிடைப்பார்கள், நம்மவர்களிடம் அதற்குக் குறைவே இல்லை. அந்தப் பொய்க்கு யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள். பாலிசிக் கட்டு அலமாரியில் இருக்கிறது, அதை விட்டுவிடாதே. உன் அப்பா அதில் சரியாகத்தான் இருந்தார், அது இல்லையென்றால் இந்தப் பாதியும் கிடையாது. கப்பலில் படுக்கையில் கிடந்துகொண்டு சிகரெட் குடிக்காதே. குடிப்பதே இல்லை என்று எனக்குப் பதில் எழுத வேண்டாம், போன லீவில் உன் சட்டையைத் துவைத்தவள் நான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கம்பெனிப் பணத்தில் கூரை நின்றுவிடும். கூரைக்குக் கீழே வைக்கத் தும்பு வாங்க உன் கப்பல் சம்பளம் வேண்டும். கையெழுத்துப் போடு. இதை எழுத எனக்கு எத்தனை தரம் எழுந்து நடக்க வேண்டியிருந்தது என்று உனக்குச் சொன்னால் சிரிப்பாய். நீ வர வேண்டும் என்று இந்தத் தெருவில் என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர்கள் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் தப்பு. வேம்பாருக்கு அடுத்த ஞாயிறு நானே பஸ் ஏறிப் போய், அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்கிறேன், அவள் அப்பாவிடம் இல்லை. அவள் காத்திருக்க மாட்டேன் என்றால் அதையும் ஒளிக்காமல் உனக்கு எழுதுகிறேன்.

கப்பல் ஏறுமுன் சவேரிக்கு ஒரு கடிதம் போடு. என் கடிதத்துக்குள் வைக்காதே, அவள் பெயருக்குத் தனியாக, கிட்டங்கி விலாசத்துக்குப் போடு. அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்கிறவளும் இல்லை. என்னிடம்தான் கொண்டு வந்தாக வேண்டும். என் மேல் உனக்கு இருக்கிற கோபத்தையெல்லாம் அதிலேயே எழுது, ஒன்றையும் மிச்சம் வைக்காதே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல், உரக்க வாசிக்கிறேன்.

உன் அம்மா